சட்டைப்பை நோட்டு கடைசிப் பக்கம் வரை தாங்க

இரண்டு மாதம் சட்டைப்பையில் கிடந்த குட்டி நோட்டு ஒன்றை எடுத்துப் பாருங்கள். எழுதிய தாள்கள் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். நைந்திருப்பது முதுகு மடிப்பு, வெளிப்பக்கத்து மூலைகள், நடுத்தாளில் பின் குத்திய துளை. பாக்கெட் நோட்டு வீணாவது அநேகமாக இந்த மூன்று இடத்தில்தான். விலை கூடிய தாளாகப் பார்த்து வாங்கியும் ஒரே மாதத்தில் நடுப்பக்கம் கையோடு கழன்று வருகிறதென்றால், காசு தாளுக்குப் போயிருக்கிறது, கட்டுக்குப் போகவில்லை என்று அர்த்தம்.

பாக்கெட் நோட்டு பத்து வருடம் உழைக்க வேண்டியதில்லை. எழுதி நிறையும் வரை உழைத்தால் போதும். பிறகு அது அலமாரிக்குப் போய்விடும். அதனால் கணக்கைப் பக்கத்திலிருந்து தொடங்க வேண்டும். நாளுக்கு ஒரு பக்கம் எழுதுபவருக்கு 48 பக்க நோட்டு ஏழு வாரம் வரும்; இரண்டு பக்கம் எழுதினால் மூன்றரை வாரம். 192 பக்க நோட்டு அதே கையில் மூன்று மாதத்திலிருந்து ஆறு மாதம் வரை ஓட வேண்டும். நம் ஊர் வெயிலிலும் வியர்வையிலும் ஒரு அட்டை நோட்டு முழுசாக இரண்டு மாதம் நின்றாலே அது நல்ல கட்டு. தடி நோட்டு சிக்கனம் போலத் தெரியும். பாதி எழுதும்போதே அட்டை போய்விட்டால் மீதிப் பக்கம் வெறும் சுமைதான். 48 பக்கம், மிஞ்சினால் 64. அதற்கு மேல் சட்டைப்பைக்கு வேண்டாம்.

அளவு

முதலில் உங்கள் சட்டைப்பையை ஸ்கேல் வைத்து அளந்துகொள்ளுங்கள். ஆண்கள் சட்டையில் பெரும்பாலும் 11 முதல் 12 செ.மீ. அகலம், 13 முதல் 14 செ.மீ. ஆழம் இருக்கும். நோட்டு பையை விட அகலத்தில் 2 செ.மீ. குறைவாக இருந்தால் பேனாவுக்கும் இடம் கிடைக்கும், எடுக்கும்போது மூலை துணியில் மாட்டாது. உயரத்தில் பையை விட்டு வெளியே தெரியக் கூடாது. கடையில் அதிகம் கிடைக்கும் ஏ6 அளவு 10.5 × 14.8 செ.மீ.; இது பையை விட்டு ஒரு செ.மீ. நீட்டிக்கொண்டிருக்கும். குனியும்போதெல்லாம் அந்த ஒரு செ.மீ. மடங்கும், ஒரு நாள் தண்ணீர்த் தொட்டிக்குள் விழும். 9 × 13.5 செ.மீ. சரியான அளவு. ஏ7, அதாவது 7.4 × 10.5 செ.மீ., பையில் நன்றாக உட்காரும். ஆனால் தமிழில் ஒரு வரிக்கு மூன்று சொல்தான் பிடிக்கும். பால் கணக்கு, அளவுக் குறிப்பு போன்றவற்றுக்கு அது போதும்.

சட்டைப்பை இல்லாமல் கைப்பையில் வைப்பவர்களுக்கு எதிரி வேறு. அங்கே வியர்வை இல்லை. சாவியும் சில்லறையும் சீப்பும் இருக்கின்றன. அவர்களுக்கு மட்டும் கெட்டி அட்டை போட்ட நோட்டு பொருந்தும்.

எந்தக் கட்டு

சைடு பின் அடித்து, முதுகில் காலிகோ துணிப் பட்டை ஒட்டிய நோட்டு பலமானதுதான். ஆனால் விரித்தால் விரிந்து நிற்காது. கட்டை விரலால் அழுத்திப் பிடித்தே எழுத வேண்டும். அந்த அழுத்தம் தினமும் பின் வரிசையை ஒட்டி ஒரே கோட்டில் விழும், அட்டை அங்கேயே ஒடியும். கம் பைண்டிங் நோட்டில் ஒவ்வொரு தாளும் பசையை மட்டுமே நம்பி நிற்கிறது. அந்தப் பசை பெரும்பாலும் சூடாக்கி ஊற்றுவது. வெயிலில் நிறுத்திய காரின் டேஷ்போர்டிலும் பைக்கின் டேங்க் கவரிலும் அது இளகும். ஒரு தாள் கழன்றால் பக்கத்துத் தாளுக்குப் பிடிமானம் போய், வரிசையாக உதிரும். ஸ்பைரல் மேசைக்கு நல்லது, சட்டைக்கு ஆகாது. கம்பி நுனி துணியை இழுக்கும். பேன்ட் பின்பையில் வைத்து உட்கார்ந்தால் வளையம் நசுங்கித் தாள் திரும்பாது.

மிஞ்சுவது நடு மடிப்புக் கட்டு: தாள்களை ஒன்றாக மடித்து மடிப்பின் மேலேயே பின் அடிப்பது அல்லது தைப்பது. ஒவ்வொரு தாளும் இரு பக்கமும் ஓடுவதால் உதிராது, விரித்தால் தட்டையாக நிற்கும். சட்டைப்பைக்கு இதுதான். ஆனால் பின்னா நூலா என்றால், நூல்.

காரணத்தைக் கண்ணாலேயே பார்க்கலாம். பின் அடித்த நோட்டை ஒரு சித்திரை, வைகாசி முழுக்கச் சட்டைப்பையில் வைத்திருந்துவிட்டு நடுப்பக்கத்தைத் திறங்கள். பின் காலடியில் முதலில் கடுகளவு பழுப்புப் புள்ளி இருக்கும். வியர்வையில் உப்பு இருப்பதால் சாதாரண ஈரத்தை விட வேகமாகக் கம்பி துருப்பிடிக்கும். அந்தப் புள்ளி மெல்லப் பரவி, பின்னைச் சுற்றி வட்டமாகக் கறை படியும். கறை படிந்த இடத்தில் தாள் மொறமொறப்பாகிவிடும். அதன் பிறகு நோட்டை விரிக்கும் ஒவ்வொரு தடவையும் வட்டமான துளை முதுகுக்குக் குறுக்கே நீள்கிறது. ஒரு நாள் நடுத்தாள் மட்டும் பின்னை விட்டுவிட்டு உங்கள் விரலோடு வரும். நூல் துருப்பிடிக்காது, மடிப்போடு சேர்ந்து அசையும், தாளை அறுக்காது.

கடையில் வாங்கிய பின் நோட்டையும் காப்பாற்றலாம். வாங்கிய அன்றே பின்களைக் கத்தி முனையால் நிமிர்த்தி எடுத்துவிட்டு, அந்தத் துளைகளில் மேலே ஒன்று, கீழே ஒன்று எடுத்துக்கொண்டு, நடுவில் இன்னொரு துளை போட்டு நூலால் தையுங்கள். தைக்கும் முறை கீழே. பத்து நிமிட வேலை.

வீட்டிலேயே ஒன்று

ஆறு ஏ4 தாள், 75 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 75 கிராம் எடை). சாதாரண ஜெராக்ஸ் தாளே போதும். 60க்குக் கீழே போனால் மறுபக்க எழுத்து தெரியும், ஓரம் சீக்கிரம் கிழியும். 100க்கு மேலே போனால் மடிப்பு விறைத்து நோட்டு வாய் பிளந்துகொண்டு நிற்கும். அட்டைக்கு 250 முதல் 300 ஜிஎஸ்எம் கிராஃப்ட் அட்டை அல்லது ஐவரி அட்டை ஒரு ஏ4. பளபளவென்று லேமினேஷன் செய்த ஆர்ட் அட்டை மடிப்பில் வெடிக்கும், வேண்டாம்.

ஏ4 தாளை நீளவாக்கின் நடுவில், அதாவது 29.7 செ.மீ. பக்கம் இரண்டாகும்படி, வெட்டுங்கள். பன்னிரண்டு அரைத்தாள் கிடைக்கும். ஒவ்வொன்றையும் மீண்டும் நடுவில் மடித்தால் 10.5 × 14.8 அளவில் 24 தாள், 48 பக்கம்; கடைசியில் ஓரம் வெட்டி 9 × 13.5 ஆக்குவோம். இப்படி வெட்டுவதற்கு ஒரு காரணம் உண்டு. தாளில் இழைகள் ஒரு திசையில் ஓடும். அச்சகத்தில் இதை கிரெய்ன் என்பார்கள். இழையோடு ஒத்து மடித்தால் மடிப்பு வழுவழுவென்று விழும்; குறுக்கே மடித்தால் இழை ஒடிந்து மடிப்பில் பஞ்சு பிரியும், ஈரத்தில் நோட்டு நெளியும். ஜெராக்ஸ் தாளில் பெரும்பாலும் இழை நீளப் பக்கம் ஓடும். மேலே சொன்னபடி வெட்டி மடித்தால் இழை முதுகோடு இணையாக வந்துவிடும். சந்தேகமாக இருந்தால் தாளின் ஒரு மூலையிலிருந்து ஐந்து செ.மீ. சதுரம் வெட்டி, எது நீளப் பக்கம் என்று குறித்துவிட்டு, ஒரு முகத்தை மட்டும் தண்ணீரில் தொட்டு வையுங்கள். உடனே குழாய் போலச் சுருளும். அந்தக் குழாய் நீண்டிருக்கும் திசைதான் இழை. அட்டைக்கும் இந்தச் சோதனை அவசியம், ஏனென்றால் தாளை விட அட்டையில்தான் குறுக்கு மடிப்பு பளிச்சென்று வெடிக்கும்.

பன்னிரண்டையும் ஒன்றாக மடிக்காதீர்கள். மூன்று மூன்றாக மடித்து, ஸ்பூன் காம்பால் மடிப்பை ஒரு தடவை இழுத்து அழுத்தி, பிறகு ஒன்றுக்குள் ஒன்று செருகுங்கள். அட்டையையும் அதே அளவுக்கு வெட்டி, மை தீர்ந்த பால்பாயின்ட் பேனாவால் ஸ்டீல் ஸ்கேலை ஒட்டி நடுவில் இரண்டு கோடு அழுத்தி இழுங்கள். கோடுகளுக்கு இடையே 2 மி.மீ. ஒரே கோடு போட்டால் 24 தாளின் பருமன் முழுவதும் அந்த ஒரு மடிப்பைத்தான் இழுக்கும். இரண்டு கோடு போட்டால் இழுவை பிரிந்துபோகும்.

நடுத்தாளின் உள் மடிப்பில் 15 மி.மீ. அகலத்தில் ஒரு பட்டை வையுங்கள். பழைய பருத்தி வேட்டித் துணி நல்லது. இல்லாவிட்டால் அட்டையிலிருந்து வெட்டிய துண்டும் சரி. நூல் தாளை அழுத்தாமல் இந்தப் பட்டையை அழுத்தும். முன்பு சொன்ன நடுத்தாள் கழலும் கோளாறு இதோடு தீரும். கடை நோட்டுகளில் பெரும்பாலும் இதைச் செய்வதில்லை.

துளை மூன்று. ஒன்று நட்ட நடுவில், மற்றவை அதிலிருந்து மேலும் கீழும் 45 மி.மீ. தள்ளி. நோட்டை விரித்து, பழைய டெலிபோன் டைரக்டரி போன்ற தடித்த புத்தகத்தின் நடுப்பள்ளத்தில் வைத்து, உள்ளிருந்து வெளியே குத்தூசியால் குத்துங்கள். தாள் நழுவாமல் இருக்க இரு பக்கமும் துணி மாட்டும் கிளிப் போட்டுக்கொள்ளலாம். துளை ஊசி நுழையும் அளவுக்கு மட்டும் இருக்கட்டும்.

நூல் 35 செ.மீ. ஜீன்ஸ் தைக்கும் தடித்த பாலியஸ்டர் நூல் தையல் சாமான் கடையில் கிடைக்கும். பூக்கட்டும் நூலில் முறுக்கு போதாது, வாரத்தில் பஞ்சாகிவிடும். சட்டை தைக்கும் மெல்லிய நூல் தாளை அறுக்கும். நூலை மெழுகுவர்த்தியில் இரண்டு முறை இழுத்துக்கொண்டால் முடிச்சு வழுக்காது, ஈரமும் ஏறாது.

நடுத்துளையில் உள்ளிருந்து வெளியே ஊசியை விடுங்கள், 5 செ.மீ. வால் உள்ளே நிற்கட்டும். வெளியே வந்த நூலை மேல்துளை வழியாக உள்ளே கொண்டு வாருங்கள். உள்ளே நடுத்துளையைத் தாண்டி நேராகக் கீழ்த்துளைக்குப் போய் வெளியே எடுங்கள். பிறகு நடுத்துளை வழியாக மீண்டும் உள்ளே. இப்போது இரண்டு வாலும் நடுத்துளையில் இருக்கும். அவற்றுக்கு நடுவே மேலிருந்து கீழாக நீள நூல் ஓடும். வால்கள் அந்த நீள நூலின் ஆளுக்கொரு பக்கம் வரும்படி வைத்து, அதைச் சேர்த்துப் பிடித்து இரட்டை முடிச்சுப் போடுங்கள். இறுக்கும்போது நூலை முதுகின் நீளவாக்கில் இழுக்க வேண்டும். மேல்நோக்கிச் சுண்டி இழுத்தால் அந்த இடத்திலேயே துளை கிழியும். பலர் சறுக்குவது இங்கேதான். வாலை ஒரு செ.மீ. விட்டு வெட்டுங்கள்.

முதுகில் 3 செ.மீ. அகலக் காலிகோ பட்டை ஒட்டினால் வெளியே தெரியும் நூல் தேயாது. பைண்டிங் கடைகளில் இதற்கு மைதாப் பசை காய்ச்சி, பூச்சி அண்டாமல் இருக்க மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) கலப்பார்கள். பெரிய பேரேட்டுக்கு அது சரி. உடம்போடு ஒட்டிக் கிடக்கும் நோட்டுக்கு மைதா சரிப்படாது, ஈரத்தில் இளகும். மயில்துத்தம் விஷம், வீட்டுப் பாத்திரத்தில் வைத்துக் கலக்கவே கூடாது. ஃபெவிகாலை மெல்லிசாகத் தடவி ஒட்டி, இரண்டு செங்கல்லுக்கு அடியில் ஒரு இரவு விடுங்கள். செலோடேப் வேண்டாம். சில மாதத்தில் மஞ்சளாகி, பசை ஓரத்தில் கசிந்து, தூசியெல்லாம் ஒட்டும்.

மூன்று ஓரமும் வெட்டி 9 × 13.5 ஆக்குவது கடைசி. முதலிலேயே அளவுக்கு வெட்டினால் மடித்தபின் நடுத்தாள்கள் ஒன்றரை மி.மீ. வரை வெளியே துருத்தும். கட்டரில் வெட்டினால் ஸ்டீல் ஸ்கேலை அழுத்திப் பிடித்து, பலம் கொடுக்காமல் பத்துப் பதினைந்து தடவை லேசாக ஓட்டுங்கள். பக்கத்தில் அச்சகம் இருந்தால் கட்டிங் மெஷினில் ஒரே போடில் முடித்துத் தருவார்கள்.

அடுத்தது மூலை. கூர் மூலைதான் சட்டைத் துணியில் மாட்டி, மடங்கி, அட்டை அடுக்கடுக்காகப் பிரியத் தொடங்கும் இடம். நகவெட்டியால் ஐந்தாறு தாளாகப் பிரித்துப் பிரித்து 5 மி.மீ. வளைவாக வெட்டி, 220 நம்பர் உப்புத்தாளால் இரண்டு தேய்ப்புத் தேய்த்தால் போதும்.

பைக்குள் இருக்கும்போது

பின்னட்டை எப்போதும் உடம்புப் பக்கம் இருக்கட்டும், மாற்றி மாற்றி வைக்காதீர்கள். ஜெராக்ஸ் கடையில் வெற்று லேமினேஷன் தாள் ஒன்று ஓட்டி வாங்கி, நோட்டை விட ஒரு மி.மீ. சிறியதாக வெட்டி, மூலைகளை வட்டமாக்கி, பின்னட்டைக்கு வெளியே வைத்துக்கொள்ளுங்கள். வியர்வை அதோடு நின்றுவிடும். எழுதும்போது அதே தாளை எழுதும் பக்கத்துக்கு அடியில் செருகினால் நின்றுகொண்டே எழுதப் பலகை ஆச்சு. பேனா அழுத்தம் அடுத்த பக்கங்களில் பதியாது. தினமும் இரவு நோட்டைப் பையிலிருந்து எடுத்து, லேசாக விரித்து மேசையில் நிறுத்தி வைத்தால் அன்றைய ஈரம் காற்றில் போய்விடும்.

பேனாவை நோட்டுக்குள் செருகாதீர்கள். முதுகைப் பிளக்கும் வேலைகளில் இதற்கு இணை இல்லை. 8 மி.மீ. பருமனுள்ள பேனா, 3 மி.மீ. நோட்டுக்குள் நாள் முழுக்க ஆப்பு மாதிரி நிற்கிறது. பேனா முதுகுப் பக்கமாகப் பையோரத்தில் தனியாக நிற்கட்டும். பஸ் டிக்கெட், விசிட்டிங் கார்டு, பில் எல்லாவற்றையும் திணிப்பதும் இதே கதைதான். அதுவும் மை இல்லாமல் சூட்டிலேயே அச்சாகும் தெர்மல் பில் வெயில் சூட்டில் கறுக்கும், பிவிசி உறை பட்டால் வெளுக்கும். வேண்டிய எண்ணை எழுதிக்கொண்டு தூக்கிப் போடுங்கள். பிவிசி உறைக்குள் ஜெராக்ஸ் எடுத்த நகலும் வேண்டாம், அச்சு உறையில் ஒட்டிக்கொண்டு வந்துவிடும். ரப்பர் பேண்ட் வெயிலில் இளகி அட்டையில் பிசினாக ஒட்டும்.

பேன்ட் பின்பையை முடிந்தவரை தவிர்த்துவிடுங்கள். உட்காரும்போது நோட்டு வளைகிறது, எழுந்தால் நிமிர்கிறது. கம்பியை முன்னும் பின்னும் வளைத்து ஒடிப்பது போலத்தான் அட்டையும் ஒடியும். முன்பையில் வைக்கலாம்.

ஐப்பசி, கார்த்திகை மழைக்கு 4 × 6 அங்குல ஜிப் கவர் நல்லது. மழை விட்டதும் கவரிலிருந்து எடுத்துவிட வேண்டும். மூடியே வைத்தால் உள்ளே இருக்கும் ஈரம் வெளியேறாமல் பூஞ்சை பிடிக்கும். நாள் முழுக்க மழையில் நிற்கும் வேலை என்றால் நீர் புகாத தாளில் செய்த நோட்டு உண்டு. அமெரிக்காவில் மரம் வெட்டுவோருக்காக 1916இல் பிறந்த ரைட் இன் த ரெயின் என்ற நிறுவனம் அதில் பெயர் பெற்றது. விலை அதிகம், ஜெல் மை அதில் நிற்காது, பென்சிலோ பால்பாயின்ட்டோதான். வாரத்தில் ஒரு நாள் நனைபவருக்கு ஜிப் கவரே போதும்.

எழுத்தும் நிற்க வேண்டும்

நோட்டு தாங்கி எழுத்து போனால் என்ன பயன்? சாதாரண பால்பாயின்ட் மை எண்ணெயில் கரைத்தது, வியர்வைக்கும் மழைக்கும் அசையாது. ஆனால் சானிடைசர் பட்டால் கரைந்து ஓடும், கை ஈரம் காய்ந்தபின் தொடுங்கள். ஜெல் பேனாவில் இரண்டு சாதி: சாய மை நீரில் பரவும், நிறமி மை பரவாது. வாங்கும் முன் ஒரு கோடு போட்டு, ஒரு நிமிடம் கழித்து ஈரவிரலால் தேய்த்துப் பாருங்கள். அழிக்கக்கூடிய ஜெல் பேனா இந்த நோட்டுக்கு வேண்டவே வேண்டாம். அதன் மை சுமார் 60 டிகிரி செல்சியஸில் நிறமிழக்கும், வெயிலில் நின்ற காருக்குள் வைத்த நோட்டு வெள்ளையாகிவிடும். ஃப்ரீசரில் சில மணி நேரம் வைத்தால் எழுத்து பெரும்பாலும் திரும்பும், நீங்கள் அழித்த வரிகளும் சேர்ந்தே வரும். ஹெச்பி பென்சில் நீருக்கு அசையாது, உரசலில்தான் மங்கும்.

முதல் தாளிலும் கடைசித் தாளிலும் முக்கியமானதை எழுதாதீர்கள், அட்டை போனால் அடுத்து அடிபடுவது அவைதான். முதல் தாளில் பெயரும் போன் எண்ணும் போதும்.

நனைந்துவிட்டால்

துவைக்கும் மெஷினிலோ மழையிலோ ஊறிய நோட்டை உடனே திறக்காதீர்கள். ஈரத்தாளுக்கு வலுவே கிடையாது, விரல் பட்ட இடம் கிழியும். மூடியபடியே துண்டில் சுற்றி உள்ளங்கையால் அழுத்தித் தண்ணீரை எடுங்கள். பிறகு தானாகப் பிரியும் இடத்தில் மட்டும் திறந்து, ஐந்தாறு தாளுக்கு ஒன்றாக டிஷ்யூ செருகுங்கள். அச்சடிக்காத வெள்ளைத் தாளும் ஆகும். செய்தித்தாள் வேண்டாம், மை ஒட்டும். ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றி, ஃபேன் காற்றில் விடுங்கள். வெயிலும் ஹேர் டிரையரும் தாளை அலை அலையாக நெளிய வைக்கும். தொட்டால் ஜில்லென்று மட்டும் இருக்கும் நிலைக்கு வந்ததும், டிஷ்யூவை எடுத்துவிட்டு இரண்டு மூன்று கிலோ பாரத்தின் கீழ் ஒரு நாள் முழுக்க வையுங்கள். உடனே உட்கார்ந்து செய்ய நேரமில்லை என்றால் ஜிப் கவரில் போட்டு ஃப்ரீசரில் வைத்துவிடுங்கள். பூஞ்சை பிடிக்காது, ஞாயிற்றுக்கிழமை எடுத்து மெதுவாகக் காய வைக்கலாம்.

காய்ந்த நோட்டில் மேற்கொண்டு எழுத வேண்டாம். நனைந்து காய்ந்த தாள் முன்பை விடத் தடிக்கும், முதுகு அதைத் தாங்காது. எழுதிய பக்கங்களைப் போனில் படமெடுத்துவிட்டு, நோட்டின் முதுகில் மாதமும் வருடமும் குறித்து, பழைய நோட்டுகளோடு அலமாரியில் வையுங்கள். துணியில் முடிந்த வசம்புத் துண்டு ஒன்றைப் பக்கத்தில் போட்டு வைத்தால் பூச்சி அண்டாது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை புதுசாக மாற்றினால் வாசனை குறையாது.